அடுப்பு லயத்தின் கடைசிக் காம்பரா

அன்று காலையில் அந்தக் காம்பராவில் இருந்தவர்கள் எட்டுப் பேர். நான். பிறந்து ஆறு நாளான என் மகள். என் வீட்டுக்காரர். முதல் காம்பராவில் குடியிருந்த சங்கத் தலைவர். அவருடைய மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். எங்களுக்காகத் தன் காம்பராவை விட்டுக்கொடுத்திருந்த சின்னம்மா. மூன்றாம் காம்பராக்காரர், லொறிக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுகிறவர், என் வீட்டுக்காரருக்கு மச்சான் முறை. எட்டாவது ஆள் ரோட்டில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். அவர் பிள்ளை பெற்ற காம்பராவுக்குள் வரக் கூச்சப்பட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், குடையை மடக்காமல் நின்றார். ஆனாலும் பேச்சில் இருந்தார், அதனால் அவரும் கணக்குத்தான். பிற்பாடு எத்தனையோ பேர், அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் இல்லை. இந்த எட்டுப் பேர்தான். இதில் பாதிப் பேர் இன்று இல்லாததால் முதலில் இதை எழுதி வைத்துவிடுகிறேன்.

லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடு, காம்பரா அதில் ஒரு அறை; எங்கள் லயத்துக்கு அடுப்பு லயம் என்று பெயர். மற்ற லயங்கள் மலைச் சரிவில் தேயிலைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. எங்களுடையது மட்டும் ஸ்டோரை ஒட்டி, டவுனில் உள்ள தெரு மாதிரி நீண்டு கிடந்தது. ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. ஒரே தகரக் கூரை, பத்துக் காம்பரா. முன்னால் கல் பாவிய பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் மலைபோல அடுக்கிய விறகு, அதற்குப் பக்கத்தில் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலி. அரைக்கிற மெசினும் சல்லடையும் இரவு பகலாக ஓடும். அதனால் நாங்கள் எல்லாருமே கத்தித்தான் பேசுவோம். எங்கள் லயத்திலிருந்து கல்யாணம் கட்டிப் போன பெண்கள் போன இடத்திலும் கத்திப் பேசி மாமியாரிடம் பேச்சு வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை மெசின் நின்றால் எனக்கு, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று தோன்றும்.

கடைசிக் காம்பராவின் பின்சுவரும், தேயிலை காயவைக்கிற பெரிய அடுப்பின் சுவரும் ஒரே சுவர். அந்தச் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். கை வைத்தால் சுடாது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் முதுகு மாதிரி இருக்கும். டயகமப் பக்கத்து ஆடி மழையை அனுபவித்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட சொத்து என்று புரியும். மற்ற லயங்களில் கம்பளி வாரக் கணக்கில் காயாமல் நாறும். எங்கள் லயத்தில் பத்து வீட்டு ஈரத் துணியும் முறை வைத்து அந்தச் சுவரோரக் கொடியில் தொங்கும். தோசை மாவு அங்கேதான் புளிக்கும். பூனை அங்கேதான் குட்டி போடும். பீலியில் பார்க்கும்போது மற்ற லயத்துப் பெண்கள் கேலி பேசுவார்கள்.

"அவுங்களுக்கு என்னாடி, யாழ்ப்பாணத்து வெயில வீட்டுக்குள்ளயே புடிச்சிக் கட்டி வச்சிருக்காங்க."

எங்கள் லயத்தில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் 'காம்பரா மாறுவது' என்று ஒரு வழக்கம். பிள்ளை பெற்றவள் முப்பது நாளைக்குக் கடைசிக் காம்பராவுக்குப் போவாள். அங்கே இருக்கிறவர்கள் சட்டி பானையோடு அவளுடைய காம்பராவுக்கு வருவார்கள். சாமிப் படத்தை மட்டும் எடுத்துப்போகக் கூடாது. போகிறவள்தான் அந்தச் சாமிக்கும் விளக்கு வைக்க வேண்டும். முப்பதாம் நாள் தரையை மெழுகி, ஒரு தேங்காயை அடுப்புக் கல்மேல் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். யார் இதை ஆரம்பித்தது என்று தெரியாது. சின்னம்மா, சல்லடையில் தூசி பிரிக்கிற வேலை, கல்யாணமாகி அந்தக் காம்பராவுக்கு வந்த நாளிலிருந்து இருபது தடவைக்கு மேல் மாறியிருப்பதாகச் சொல்வார். "என் காம்பராவுல நான் இருந்தத விட ஊராம்புட்டுப் புள்ளைங்க மூத்திரம் பேஞ்சதுதான் அதிகம்" என்று பெருமையாகத் திட்டுவார்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம், இன்னொரு காயவைக்கிற மெசின் வரப்போகிறது, ஸ்டோரை நீட்ட வேண்டும், மாதக் கடைசிக்குள் அடுப்பு லயத்தைக் காலி பண்ணுங்கள் என்று துரை சொல்லி அனுப்பினார். புது லயம் பிறகு கட்டித் தருவார்களாம். அதுவரைக்கும் மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், ஒரு காம்பராவுக்கு இரண்டு குடும்பமாகப் போய் இருக்க வேண்டுமாம். முதலில் கட்டுங்கள், பிறகு உடையுங்கள் என்று கேட்டோம். பதில் வரவில்லை. தோட்டம் முழுவதும் வேலைநிறுத்தம்.

சங்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் தலைவராக இருந்தவர் ஸ்டோரில் அடுப்பு எரிக்கிறவர். ஒல்லியான மனிதர். புருவம் எப்போதும் கருகியிருக்கும். நாலு பிரிவு, இடையில் ஓர் ஆறு, மழை. வேலைநிறுத்தம் முடிந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எப்படிச் சொல்வது என்று கூட்டத்தில் கேட்டபோது அவர் ஸ்டோர்ச் சிமினியைக் காட்டினார்.

"எங்கேருந்து பார்த்தாலும் அது தெரியுமில்ல? அதுல பொகை வர்ற வரைக்கும் யாரும் கூடையத் தொடாதீங்க. பொகை வந்துச்சுன்னா நான்தான் பத்த வச்சேன்னு அர்த்தம். முடிஞ்சிருச்சுன்னு பெரட்டுக்குப் போயிருங்க."

பெரட்டு என்பது காலையில் பேர் கொடுக்கிற இடம். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எட்டு மாத வயிற்றோடு நின்றேன். சிமினிக்குள் காக்கா கூடு கட்டித் தீப்பிடித்துப் புகை வந்துவிட்டால் என்ன செய்வது என்று அண்ணியிடம் கேட்டேன். அவர் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். "ஒனக்கு மழை பேஞ்சாலும் பயம், பேயாட்டியும் பயம்."

வேலைநிறுத்தத்தின் இரண்டாம் நாள் எனக்கு வலி கண்டுவிட்டது. ஒரு மாதம் முந்திப் பிறந்தாள். தலை ஒரு தோடம்பழம் அளவுதான். சின்னம்மா அந்த மழையிலேயே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கள் காம்பராவுக்குப் போனார். என்னையும் பிள்ளையையும் கடைசிக் காம்பராவில் சுவரோரம் படுக்க வைத்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா வந்து பார்த்தார். அட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இந்தக் குளிர்ல வெளிய எடுத்தா வழியிலயே போயிரும். இங்கேயே வச்சிருங்க. சூடு மட்டும் கொறையக் கூடாது. சூடு இருந்தா பொழச்சிக்கும்."

அவர் சொன்னது அவ்வளவுதான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் படுத்திருந்தேன். ஒரு கை பிள்ளை மேல், ஒரு கை சுவர் மேல்.

அடுப்பு அணைந்து இரண்டு நாள் ஆகியிருந்தாலும் அந்தத் தடித்த சுவரில் இன்னும் சூடு இருந்தது. மறுநாள் குறைந்தது. நான் சொன்னபோது, "நீ சும்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தா அப்படித்தான் தோணும்" என்றார் என் வீட்டுக்காரர். அதற்கு மறுநாள் சுவரோரம் படுத்திருந்த பூனை எழுந்து, சோம்பல் முறித்து, வெளியே போய்விட்டது. திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவரும் சுவரைத் தொட்டுப் பார்த்தார். கரி எடுத்துவரப் போனார்.

சட்டியில் கரி நெருப்புப் போட்டு உள்ளே வைத்தோம். ஆடி மழையில் கரியும் ஈரம். காம்பராவெல்லாம் புகை. பிள்ளைக்கு மூச்சு இழுத்து உதடு நீலம் பாரித்தது. சட்டியைத் தூக்கி வெளியே வீசினோம். வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். என் உடம்பிலேயே சூடு இல்லை. ஆறாம் நாள் காலையில் அவள் பால் இழுக்கவில்லை. கால் விரல்கள் பீலித் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தன. அழவும் இல்லை. நான் அண்ணியைக் கூப்பிட்டேன். அண்ணி தலைவரைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். நானா, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயம் இடிக்க மருந்துச் சாமான் பொட்டலத்தோடு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

தலைவர் பிள்ளையின் காலைத் தொட்டார். பிறகு சுவரைத் தொட்டார்.

"பத்த வைக்கிறேன்" என்றார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. மச்சானுக்குத்தான் முதலில் புரிந்தது.

"அண்ணே, என்னா பேசுறீங்க? பொகை வந்தா மேக்கணக்குக்காரன் கூடையத் தூக்கிருவான். நீங்கதான சொன்னீங்க!"

"நான்தான் சொன்னேன். இல்லைன்னு சொல்லல."

"அப்புறம் லயம் போயிரும்ண்ணே. பத்துக் குடும்பம்."

"தெரியும்."

"தெரிஞ்சா?"

சின்னம்மா நடுவில் புகுந்தார். "டேய், ஒன் மூத்தவன் எங்கடா கெடந்தான், இந்த எடத்துலதான? அப்ப சொவரு சுட்டுச்சுல்ல? சும்மா இருடா."

மச்சான் குனிந்து பிள்ளையைப் பார்த்தார். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும் போலவும் இருந்தது, சொல்லிவிடுவேனோ என்று பயமாகவும் இருந்தது. சேலையை வாயில் வைத்துக்கொண்டேன்.

தலைவர் கணக்குப் போட்டுத்தான் பேசினார். அடுப்பு வாய் ஸ்டோருக்கு வெளியே தகரக் கொட்டகையில் இருக்கிறது, சாவி வேண்டாம். காற்றாடி ஓடாமல் பெரிய நெருப்புப் போட்டால் இரும்புக் குழாய் வெடித்துவிடும்; சின்னதாகப் போட்டு வைத்தால் சுவருக்குப் போதும். வெளியே கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. இந்தப் பனியில் சிமினியும் தெரியாது, புகையும் தெரியாது. பனி விலகுவதற்குள் ஒரு ஆள் மேல்கணக்குக்குப் போய், புகையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது ஒரு பிள்ளைக்காக என்று சொல்லி, மற்றப் பிரிவுகளுக்கும் அங்கிருந்து ஆள் அனுப்பிவிட்டால் தீர்ந்தது.

"பனி வெலகிட்டா?" என்று கேட்டேன்.

இஸ்தோப்பிலிருந்து நானா சொன்னார்: "தங்கச்சி, நான் இருவது வருசமா இந்த ரோட்டுல கடை வச்சிருக்கேன். ஆடி மாசத்துப் பனி பகல் சாப்பாட்டுக்கு முன்னுக்கு வெலகினத நான் கண்டதில்ல. நீ சும்மா படு."

"யாரு மேல போறது?" என்றார் தலைவர்.

மச்சான் ஏற்கெனவே சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். "நான்தான் போவணும். வேற எவன் குறுக்குப் பாதையில ஓடுவான்? இந்தக் கிழட்டு நானாவா?"

"ஓடு, ஓடு. விழுந்து பல்ல ஒடச்சிக்காத, ஒனக்கு ஏற்கெனவே கொறச்சல்" என்றார் நானா.

அப்படித்தான் அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

சூடு உடனே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் விறகு போடுகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்து என் உள்ளங்கையில் ஒரு வெதுவெதுப்பு. என் கையின் சூடா சுவரின் சூடா என்று தெரியாமல் மற்றக் கையை வைத்துப் பார்த்தேன். பிள்ளையைச் சுவரோடு ஒட்டிக் கிடத்தினோம். அண்ணி கால் விரல்களைத் தேய்த்தார். நேரம் போனது. முதலில் முகம் சுளித்தாள். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம். மார்பில் வைத்தேன். இழுத்தாள். சின்னம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார், நான் அழவில்லை. ஏனென்றால் அந்த நேரம் நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் மஞ்சளாக ஒரு பட்டை விழுந்திருந்தது. வெயில்.

ஆடி மாதத்தில் அப்படி ஒரு வெயிலை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. யாரோ போர்வையை இழுத்த மாதிரிப் பனி மலையை விட்டு எழுந்து போனது. அண்ணி வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். மேல்கணக்குச் சரிவில் கூடைகள் வரிசையாக இறங்கி வருவது வாசலிலிருந்தே தெரிந்தது.

மழையில் ஆறு பெருகிக் கிடந்ததால் மச்சான் சுற்றிப் போய் அதைத் தாண்டுவதற்குள் பனி விலகிவிட்டதாம். பாதி வழியில் பெண்கள் எதிரே வந்தார்களாம். "பொகை வந்துருச்சுல்ல, தலைவரு சொன்னாருல்ல?" என்று சந்தோஷமாகக் கேட்டார்களாம். அவர் காரணத்தைச் சொல்லிக் கெஞ்சியதும் சில பேர் திரும்பினார்கள். ஆனால் அதற்குள் பெரட்டுக் களத்தில் பாதி ஆட்கள் பேர் கொடுத்திருந்தார்கள். கொடுத்த பேரை எடுத்தால் வேலையே போய்விடும் என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா சொன்னார். பயந்துவிட்டார்கள். அவர்கள் போனதைப் பார்த்து மற்றப் பிரிவுகளும் போய்விட்டன. பகலுக்குக் கொழுந்து ஸ்டோருக்கு வந்துவிட்டது.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வந்து அடுப்பைப் பார்த்தார். "அட, அடுப்பு எரிஞ்சிக்கிட்டே இருக்கே. நல்லதாப் போச்சு" என்றார். மறுபடி மெசின் ஓடியது. காற்றாடி சுற்றியது. தலைவர்தான் விறகு போட்டார்; அது அவர் வேலை. அன்று சாயந்தரம் சுவர் சுட்ட சூட்டில் பாயை ஒரு சாண் தள்ளிப் போட வேண்டியிருந்தது.

வேலை முடிந்து போகும்போது அவர் வாசலில் நின்றார்.

"சொவரு சுடுதா?"

"சுடுதுண்ணே."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லயத்தில் ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நான் காத்திருந்தேன். பீலிக்குப் போனால் பேச்சு நிற்கிறதா என்று கவனிப்பேன். நிற்கவில்லை. பிள்ளை எப்படி, பால் போதுமா என்று அதே கத்தல்தான். மச்சான் மட்டும் ஒருநாள் பிள்ளையைத் தூக்கி, "அடியே, ஒரு ஸ்ட்ரைக்கையே ஒடச்சவ நீ. பெரிய தொரைச்சாணியா வருவ" என்றார். அவர் மனைவி அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

மாதக் கடைசியில் தகரத்தைக் கழற்றினார்கள். முதல் காம்பராவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக வந்தார்கள். பிள்ளைக்கு முப்பது நாள் நிறையவில்லை, அதனால் கடைசிக் காம்பராவை அதுவரைக்கும் விட்டு வையுங்கள் என்று சின்னம்மா கேட்டார், அப்படியே செய்தார்கள். ஒன்பது காம்பராவும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க, நான் ஒருத்தி கூரைக்குக் கீழே இருந்தேன். புறப்படுகிற அன்று தரையை மெழுகினேன். உடைக்கப் போகிற காம்பராவை ஏன் மெழுகுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. தேங்காயை அடுப்புக் கல்மேல் வைத்தேன். சின்னம்மா அதை எடுத்துக்கொண்டார். சாமிப் படத்தையும் அந்தத் தடவை எடுத்துக்கொண்டார்.

மேல்கணக்கில் மற்றொரு குடும்பத்தோடு, நடுவில் சாக்குத் தொங்கவிட்டு நான்கு வருடம் இருந்தோம். கொழுந்து நிறுக்க ஸ்டோருக்கு இறங்கும்போதெல்லாம் பார்ப்பேன். லயம் இருந்த இடத்தில் கொஞ்ச நாள் வெறும் கல். பிறகு அடுப்புச் சுவரைத் தொடாமல் சற்றுத் தள்ளிப் புதுக் கட்டடம். ஆனால் அடுப்புச் சுவரில் மட்டும் அந்தக் கடைசிக் காம்பராவின் அளவுக்கு ஒரு நீலச் சதுரம் தெரிந்தது; உள்ளே நாங்கள் அடித்த நீலச் சுண்ணாம்பு. அதில் சாமிப் படத்துக்கான ஆணி. துணிக் கொடி கட்டிய ஆணி இரண்டு. கூடையைச் சுமந்துகொண்டே அதில் கையை வைத்துவிட்டுப் போவேன். மழை பட்டு நீலம் போய்விட்டது. ஆணி நெடுநாள் இருந்தது. நான் படிப்பை மூன்றாம் வகுப்போடு விட்டவள். நானா சீனி சுற்றித் தருகிற பேப்பரைப் படித்து எழுத்துப் பழகியவள். அந்தச் சுவர் எப்படி இருந்தது என்பதற்கு எனக்குச் சரியான வார்த்தை தெரியவில்லை. ஆடி மாதம் வந்தால் இன்றும் தூக்கத்தில் கை சுவரைத் தேடும். சில்லென்று இருக்கும்போது முழித்துக்கொள்வேன். எனக்கு வேண்டியது சூடு மட்டும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மெசின் ஓடணும். இந்தப் பக்கம் யாராவது கத்திப் பேசிக்கொண்டிருக்கணும்.

தலைவரை அடுப்பிலிருந்து எடுத்துக் கான் வெட்டப் போட்டார்கள். நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால் நின்ற மனிதர் மழையில் நின்று சாக்கடை வெட்டினார். அதோடு, உத்தரவில்லாமல் எரித்த விறகுக்கு என்று நாற்பது ரூபாயைச் சம்பளத்தில் பிடித்தார்கள். லயத்தில் எல்லாரும் பங்கு போட்டுக் கொடுக்கலாம் என்றார்கள். அவர் வாங்கவில்லை. நாங்கள் மட்டும் விடவில்லை. பிள்ளை எங்களுடையது. கையில் மிஞ்சுகிறபோது ஒன்று, இரண்டு என்று கொடுத்தோம். அவர் கந்தப்பளைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போன பிறகும் அந்தப் பக்கம் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்பினோம். கொடுத்தார்களோ இல்லையோ என்று ஒவ்வொரு தடவையும் பயப்படுவேன். கொடுத்திருந்தார்கள்.

அறுபதுகளின் நடுவில் அவரும் அண்ணியும் ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அட்டன் ஸ்டேசனுக்கு ஓடினோம். மகளுக்கு அப்போது பத்து வயது. புது வேட்டியில் அவரை அடையாளம் தெரியவில்லை. புருவம் நன்றாக வளர்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் ஐந்து ரூபாய்த் தாளை நீட்டினார். அவர் அதை வாங்கி, மகளின் கையில் வைத்து மூடி, அந்தக் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

"கை நல்லா சூடா இருக்கு" என்று அண்ணியிடம் சொன்னார். பிறகு எங்களிடம், "இது கெடக்கட்டும். மிச்சத்த இவ கல்யாணத்துக்கு வந்து வட்டியோட வாங்கிக்கிறேன்" என்றார்.

"வெலாசம் குடுங்கண்ணே" என்றேன்.

"போய்ச் சேர்ந்துதான் எனக்கே தெரியணும், தங்கச்சி. எழுதுறேன்."

ரயில் போய்விட்டது. எழுதவில்லை. மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது பந்தலில் முன்வரிசையில் இரண்டு நாற்காலியை யாரையும் உட்கார விடாமல் பார்த்துக்கொண்டேன். அந்த ஐந்து ரூபாயைச் சேர்க்காமல் இதுவரை கொடுத்தது இருபத்தெட்டு ரூபாய் ஐம்பது சதம். இன்னும் அவருக்குக் கொடுக்க வேண்டியது பதினொரு ரூபாய் ஐம்பது சதம்.